கண்ணளவு போதாத இடங்கள்

கண்ணளவும் கையளவும் நம் இல்லங்களின் பழைய செல்வங்கள். ஒரு பிடி, ஒரு சிட்டிகை, ஓர் ஆழாக்கு என்ற அளவுகளைக் கொண்டே நம் உம்மும்மாமார்கள் நெய்ச்சோறும் தாளிச்சாவும் வட்டலப்பமும் ஆக்கிப் படைத்தார்கள். எந்தத் தராசும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கைப்பக்குவத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வட்டலப்பத்தில் கருப்பட்டி சற்றுக் கூடினால் இனிப்புக் கூடும், அவ்வளவே. ஆனால், அதே கையளவை வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கும் கைக்குழந்தையின் உப்புக் கரைசலிலும், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரிலும், ஸகாத் கணக்கிடும் நகையிலும் நாம் கையாள்கிறோம். கண்ணளவு பிழைத்தால் சுவை மட்டும் குறையும் இடம் வேறு. உயிருக்கோ அமானிதத்துக்கோ கேடு வரும் இடம் வேறு. இரண்டையும் ஒரே பழக்கத்தால் நடத்திவருகிறோம் என்பதே நம் கவலை.

இதற்கு வேண்டிய கணக்கு பெரிய கணக்கன்று. ஆறாம் வகுப்புப் பாடநூலில் ‘விகிதம் மற்றும் விகித சமம்’ என்ற தலைப்பில் நம் பிள்ளைகள் அதைப் படித்துவிடுகிறார்கள். தேர்வெழுதுகிறார்கள், மதிப்பெண் பெறுகிறார்கள், பிறகு அந்த நோட்டுப் புத்தகம் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடுகிறது. சமையலறையில் நிற்கும் தாயிடம் ‘இது நான் படித்த கணக்குத்தானே, உம்மா’ என்று சொல்லும் பிள்ளையைக் காண்பது அரிது. குறை பிள்ளையிடம் இல்லை. கணக்கு என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோகும் ஒன்று என்று அவர்களுக்கு நாமே உணர்த்தியிருக்கிறோம்.

நம் முன்னோர்கள் அவ்வாறு எண்ணவில்லை. கலீஃபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த தம் நூலை எதற்காக எழுதினார் என்பதை அதன் முன்னுரையிலேயே கூறுகிறார். வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் என மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காகவே எழுதினார். அதில் கொடுக்கல் வாங்கல் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. எந்த வணிகத்திலும் நான்கு எண்கள் இருக்கும்: ஓர் அளவு, அதன் விலை, வாங்கும் அளவு, அதற்குரிய தொகை. மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுவிடலாம்; ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் தெரிந்த இரண்டையும் பெருக்கி, மீதமுள்ள தெரிந்த எண்ணால் வகுத்தால் போதும். இன்று நாம் பேசப்போகும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வழியில் அடங்கிவிடுகின்றன.

முதலில் உயிரோடு தொடர்புடையதைப் பார்ப்போம். வயிற்றுப்போக்குக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் கொண்டது. மொத்தம் 20.5 கிராம். குடலில் உப்பும் சர்க்கரையும் இணைந்தே உள்ளே செல்கின்றன. அவற்றோடு தண்ணீரும் செல்கிறது. இந்தப் பொருத்தம் அமைவதால்தான் சாதாரணத் தண்ணீர் செய்யாததை இந்தக் கரைசல் செய்கிறது. பொருத்தம் கெட்டால் மருந்தே எதிரியாகும். சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்குக் கூடும். உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுசெல்லும். தண்ணீர் மிகுந்தால் கரைசல் வலுவிழந்து, இழந்த உப்பு திரும்பாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடைகளில் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் உண்டு. 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. சிறியதைத் தம்ளரில் கலக்கிப் பழகிய தாய், அதே தம்ளரில் பெரிய பொட்டலத்தைக் கொட்டினால் கரைசல் ஐந்து மடங்கு செறிவாகிவிடுகிறது. ‘மருந்துதானே, கூடினால் நல்லதுதானே’ என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் உடைக்கலாகாது. நம் வீட்டுத் தம்ளர்கள் 150 மில்லி முதல் 300 மில்லி வரை பல அளவுகளில் இருப்பதால், ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலே நம்பகமான அளவை. பொட்டலத்தில் பாதி, தண்ணீரில் பாதி என்று பிரிப்பதும் வேண்டாம். கணக்கு சரியாக இருந்தாலும், பொடிக்குள் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பரவியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முழுவதையும் கலக்கி, 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தேக்கரண்டி என்றால் மேலே கத்தியால் வழித்துத் தட்டையாக்கிய தேக்கரண்டி. கூம்பாக அள்ளினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அரை லிட்டருக்கு மூன்றும் காலும்.

கையளவையே கணக்காக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களில் தாய்மார்களுக்கு இதே கரைசலைக் கற்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே அவர்களில் மிகப் பலர். மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பதே பாடம். தாய் தம் கையாலேயே கலக்கிக் காட்ட வேண்டும். கலக்கிய கரைசல்களில் மாதிரி எடுத்து உப்பின் அளவை ஆய்வகத்தில் சோதித்தார்கள். சில நாள் கழித்து வேறொருவர் சென்று தாய்மார்களில் சிலரிடம் கேட்டுப் பார்ப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்பவே கற்பித்த ஊழியருக்கு ஊதியம். நம் பயான் மேடைகளுக்கும் இப்படியொரு ஊதிய முறை வந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அது வேறு கதை. கைப்பிடி அங்கே கைவிடப்படவில்லை. அளந்து, சோதித்து, இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு என்று கட்டப்பட்டது. நம் வீடுகளில் பெரும்பாலும் கைப்பிடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எவ்வளவு தண்ணீருக்கு என்பது விடுபட்டுப் போயிற்று.

கைக்குழந்தைகளின் பால்மாவும் இவ்வாறே. டப்பாவோடு வரும் கரண்டி அந்த டப்பாவுக்கு மட்டுமே உரியது. மாதக் கடைசியில் மாவு நீடிக்க வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதால் குழந்தையின் வயிறு நிறையும், உடல் நிறையாது. வறுமையால் ஒரு தாய் இதைச் செய்கிறார் என்றால், அது அந்த முஹல்லாவின் பைத்துல்மால் கேட்க வேண்டிய செய்தி.

அடுத்து, படித்தவர்களும் இடறும் இடம். ‘ஒன்றுக்கு ஐந்து’ என்பதும் ‘ஐந்தில் ஒன்று’ என்பதும் ஒன்றல்ல. கொரோனாக் காலத்தில் பொது இடங்களைத் துடைக்க 1 விழுக்காட்டு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் பரிந்துரைக்கப்பட்டது. கேனில் இருப்பது 5 விழுக்காடு என்றால் ஐந்தில் ஒரு பங்காக அதை மெலிதாக்க வேண்டும். ஆகவே ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று பலர் கலந்தார்கள். அப்படிக் கலந்தால் மொத்தம் ஆறு பங்காகி, வலிமை 0.83 விழுக்காடாகக் குறைந்துவிடும். மொத்தமே ஐந்து பங்காக இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் நான்கு பங்குதான். இதற்கு எளிய சூத்திரம்: கேனின் வலிமையை எடுக்கும் அளவால் பெருக்கினால், வேண்டிய வலிமையை மொத்த அளவால் பெருக்கியதற்குச் சமமாக வர வேண்டும். 1 விழுக்காட்டில் 10 லிட்டர் வேண்டும், கேன் 5 விழுக்காடு என்றால், ஒன்றைப் பத்தால் பெருக்கி ஐந்தால் வகுக்க, 2 லிட்டர். மீதி 8 லிட்டர் தண்ணீர். அடுத்த முறை 10 விழுக்காட்டுக் கேன் வந்தால் 1 லிட்டரே போதும். ‘எப்போதும் ஒரு செம்புதான் ஊற்றுவோம்’ என்று பழக்கத்தைச் சொல்வதால் கேனின் வலிமை மாறப்போவதில்லை.

பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டியையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 33 விழுக்காடு குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர், தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் போதும். போட்டபின் ஒரு மணி நேரம் விட வேண்டும். தொட்டியின் உட்புறம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தண்ணீர் 1 மீட்டர் உயரம் என்றால் 6 கன மீட்டர், அதாவது 6,000 லிட்டர். தேவை 15 கிராம். பவுடர் பழையதாகி, ஈரம் பட்டு, 25 விழுக்காடாக இறங்கியிருந்தால், 15ஐ 33ஆல் பெருக்கி 25ஆல் வகுக்க, ஏறத்தாழ 20 கிராம். வலிமை குறையக் குறைய அளவு கூடுகிறது; இது எதிர் விகிதம். கையால் அள்ளிப் போடுகிறவர் இதைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறார். உளூச் செய்வோரின் கண் எரிகிறது. பிறகு புகார் வந்ததும் சில மாதங்களுக்கு எதுவுமே போடாமல் விட்டுவிடுகிறார். (மீன் வளர்க்கும் ஹவ்ழில் இதைச் செய்துவிட வேண்டாம்.) கலக்கவே கூடாத கலவை ஒன்றும் உண்டு. கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது மூச்சை நிறுத்திவிடக் கூடியது. அதற்கு எந்த விகிதமும் சரியான விகிதம் அன்று.

சமையலுக்கு வருவோம், இங்கே நம் பண்டாரிகள் நம்மைவிடக் கணக்கறிந்தவர்கள். வலிமாவுக்கு 600 பேர், ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு, அரிசிக்குச் சமமாகக் கறி என்றால் 75 கிலோ அரிசி, 75 கிலோ கறி. நான்கு பேருக்கு ஒரு சஹன் என்றால் 150 சஹன். இதில் தவறு நேர்வது வேறிடத்தில். அழைப்புப் பட்டியல் எழுதுகிறவர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பத்தில் ஒரு பங்கு கூட்டுகிறார். சாமான் வாங்கும் மாமா அதன் மேல் பத்தில் ஒரு பங்கு. பண்டாரி தம் பெயர் கெடக் கூடாதென்று இன்னொரு பத்தில் ஒரு பங்கு. மூன்று பத்துகள் சேர்ந்தால் முப்பது விழுக்காடு என்று தோன்றும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் 33 விழுக்காடு. 75 கிலோ 100 கிலோவாகிறது. மறுநாள் காலை மண்டபத்தின் பின்புறம் கிடக்கும் அந்த 25 கிலோவை யாருடைய கணக்கில் எழுதுவது? வீண்விரயத்தைப் பற்றி நாம் அறியாதவர்கள் அல்லர்.

விகிதத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் அடுப்படியே கற்றுத்தருகிறது. நோன்புக் கஞ்சிக்கு வீட்டில் ஒரு படி அரிசிக்கு ஊற்றும் தண்ணீரை அப்படியே எட்டு மடங்காக்கிப் பள்ளிவாசல் தேக்சாவில் ஊற்றினால் கஞ்சி நீர்த்துப்போகும். ஒரே வடிவமுள்ள பாத்திரம் எட்டு மடங்கு கொள்ளளவு பெறும்போது அதன் வாயின் பரப்பு நான்கு மடங்கே ஆகிறது. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைகிறது. அரிசி, பருப்பு, கறிக்கு விகிதம் சரி. தண்ணீருக்கு மட்டும் கஞ்சி காய்ச்சுகிறவரின் கண்ணே சரி. உம்மும்மாமார்களுக்கு இந்த இடத்தில் நாம் தலைவணங்கியே ஆக வேண்டும்.

ஸகாத்தில் இந்தக் கணக்கு வேறொரு கனத்தைப் பெறுகிறது. நகை என்பதே ஒரு கலவை. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். 916 முத்திரையின் பொருளும் இதுவே. சுத்தத் தங்கம் 85 கிராம் என்ற நிஸாபைக் கொள்வோர், 22 காரட்டில் அதைக் காண 85ஐ 24ஆல் பெருக்கி 22ஆல் வகுக்க வேண்டும்: 92.7 கிராம், பவுனில் பதினொன்றரைக்குச் சற்று மேல். ஒருவரிடம் 90 கிராம் 22 காரட் தங்கம் சேமிப்பாக இருக்கிறது. அதில் சுத்தத் தங்கம் 82.5 கிராம். கலப்பைக் கழித்துச் சுத்தத் தங்கத்தை மட்டும் பார்க்கும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அது நிஸாபை எட்டவில்லை. தங்கம் மிகுதியாக இருந்தால் முழுவதையும் தங்கமாகவே கொள்ளும் ஹனஃபி மத்ஹபின்படி எட்டிவிட்டது. அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பைத் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆனால் கேட்கச் செல்லும் முன், தம்மிடம் எத்தனை கிராம், எத்தனை காரட் என்று எழுதிக்கொண்டு செல்க. ‘ஏதோ கொஞ்சம் நகை இருக்கிறது, ஹஜ்ரத்’ என்று கேட்டால் அவரும் ஏதோ ஒரு பதிலைத்தான் தர முடியும்.

பழைய நகையை உருக்கும்போது இன்னொன்று நேர்கிறது. 5 பவுன் 22 காரட்டும் 3 பவுன் 18 காரட்டும் சேர்த்து உருக்கினால் கிடைப்பது எத்தனை காரட்? இரண்டுக்கும் நடுவே 20 என்று மனம் சொல்லும். எடையோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்: 110ம் 54ம் சேர்ந்து 164, எட்டால் வகுக்க 20.5. அந்த அரைக் காரட், 64 கிராமில் ஏறத்தாழ 1.33 கிராம் சுத்தத் தங்கம். ஏமாற்றுகிறவர் இல்லாமலேயே நாம் இழந்துவிடக் கூடியது அது. கலவையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று உருக்காமலே தண்ணீரில் எடைபோட்டுக் காணும் முறையை மர்வ் நகரத்து அல்காஸினி 1121இல் ‘ஞானத் தராசு’ என்ற பொருள்படும் தம் நூலில் விரிவாக எழுதினார். தராசைப் பற்றி ஒரு முழு நூல்!

விளைச்சலின் ஸகாத்திலோ மார்க்கமே கலவைக் கணக்கைக் கையில் தருகிறது. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று; இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. இரண்டும் சமமாகக் கலந்தால் 7.5 விழுக்காடு என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் பங்கு கூடக் குறைய இருந்தால் அதற்கேற்பவே பிரிப்பர்: மூன்றில் இரு பங்கு மழை, ஒரு பங்கு மோட்டார் என்றால் 8.33 விழுக்காடு. டெல்டாவில் ஆற்று நீரும் ஆழ்குழாய் நீரும் மாறி மாறிப் பாயும் வயல்களுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை.

வணிகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவில் குறைப்போரை எச்சரித்தே தொடங்கும் அத்தியாயம் குர்ஆனில் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வினவிய நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. கலப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். 60 ரூபாய் அரிசி ஒரு பங்கும் 45 ரூபாய் அரிசி இரண்டு பங்கும் கலந்தால் கிலோ 50 ரூபாய் அடக்கம். அதைக் கலவை என்று பலகையில் எழுதி, இலாபம் வைத்து விற்கலாம். 60 ரூபாய் அரிசி என்று கூறி விற்பதுதான் அந்த ஈரத் தானியம்.

ஆகவே நம் மக்தபுகளின் கோடை வகுப்புகளில் ஓதலுக்குப் பின் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது நம் கருத்து. புத்தகம் வேண்டாம். ஓர் அளவுக் குவளை, ஒரு சமையலறைத் தராசு, ஒரு லிட்டர்ப் பாட்டில், சர்க்கரை, உப்பு இவை போதும். ஆண் பிள்ளைகளும் கலக்கட்டும். குழந்தைக்கு நோய் வரும் இரவில் வாப்பாவும் வீட்டில்தான் இருப்பார். பள்ளிவாசல் தொட்டியின் வெளிச்சுவரில் அதன் கொள்ளளவையும் போட வேண்டிய கிராம் அளவையும் எழுதி வைக்க ஒரு தூரிகையும் சிறிது பெயிண்டும் ஆகும். இப்போதுள்ள மோதினார் விடுப்பில் போனாலும், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துச் செய்துகொள்வார், இன்ஷா அல்லாஹ்.